பல்லியத்திற்கு இசை எழுதுதல்

கல்வராயன் மலையடிவாரத்திலும் கள்ளக்குறிச்சியைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் திருவிழா நாள்களில் பம்பையும் உடுக்கையும், நாதசுரமும் தவிலும் முழங்கக் கேட்டிருப்பீர்கள். அக்கலைஞர்முன் ஏடு ஒன்றும் இராது. ஆசிரியரிடம் கேட்டுக் கேட்டு நெஞ்சிற் பதித்ததையே வாசிப்பர். ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி நிறுத்துவர், தொடர்வர். நால்வர் ஐவர்க்கு இம்முறை போதும். எண்பது பேர் ஒருங்கிருந்து வாசிக்கும் மேனாட்டுப் பல்லியத்திற்கு இது பொருந்துமோ? (பல்லியம் என்பது பல இசைக்கருவிகளின் கூட்டம், பழந்தமிழ்ச் சொல்லேயாம்.) ஆங்கு வெவ்வேறு கருவியாளர் ஒரே வேளையில் வெவ்வேறு இசை வாசிப்பர். ஆதலின் ஒவ்வொருவர் பங்கும் தாளில் எழுதப்பட்டே ஆகவேண்டும்.

எழுதுவோன் முதற்கண் அறியவேண்டுவது கருவிகளின் இயல்பு. நம் முன்னோர் அவற்றைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் என வகுத்தனர். மேனாட்டார் பகுப்பும் ஏறத்தாழ இதுவே. துளைக்கருவியை மட்டும் மரக்குழல் வகை, பித்தளை வகை என இரண்டாக்குவர். முழு ஏட்டின் ஒரு பக்கத்தில் குழல்கள் மேலும், பித்தளைக் கருவிகள் அடுத்தும், முழவுகள் அதன் கீழும், வயலின் முதலிய நரம்புக்கருவிகள் அடியிலும் வரிவரியாக நிற்கும். இதனை இடமிருந்து வலமாகப் படித்தல் மட்டும் போதாது. மேலிருந்து கீழாகவும் ஒரே நோக்கிற் படித்தல் வேண்டும்.

வயலினின் தடித்த நரம்பு தரும் ஒலிக்குக் கீழ்ப்பட்ட ஒலியை அதற்கு எழுதலாகாது. அவ்வொலி அக்கருவியில் இல்லை. குழலூதுவோன் மூச்சுவாங்க இடந்தராது நீளமாக எழுதுவோன் கருவியறியாதவனே. இவற்றினும் மாணவனை மயக்குவது ஒன்றுண்டு. டிரம்பெட் என்னும் ஊதுகருவியின் பெருவழக்கான வகை, எழுதிய சுரத்தினும் ஒரு முழுச்சுரம் தாழ்ந்தே ஒலிக்கும். ‘ச’ கேட்கவேண்டுமாயின் ‘சதுசுருதி ரி’ எழுதவேண்டும். டபிள் பாஸ் என்னும் பெரிய நரம்புக்கருவியோ, எழுதியதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். ‘கல்’ என்பதில் ஒருவாறும் ‘தங்கம்’ என்பதில் வேறொருவாறும் ஒலிக்கும் ககரத்தைக் கற்ற தமிழ் மாணவர்க்கு இது பெரியதோர் இடர்ப்பாடு அன்று என்பது எம் கருத்து.

இக்கலையை முயன்று கற்றவர் இளையராஜா. 1943-ஆம் ஆண்டு பண்ணைப்புரத்தில் பிறந்த அவர், அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர்ஊராகச் சென்று செவிவழியே இசை பயின்றார். மெட்டு அமைக்கும் ஆற்றல் வாய்த்திருந்தும், அதனைப் பல கருவிக்கும் பகிர்ந்தெழுதும் முறை வேண்டியிருந்தது. சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் என்னும் ஆசிரியரை அடைந்து மேனாட்டு இசையெழுத்தைக் கற்றார். நாம் பழைய உரைகளை எழுத்தெண்ணிப் படிப்பதுபோல, இத்துறையிலும் பாக் முதலிய இசையறிஞர்தம் ஏடுகளை வரிவரியாகப் படிப்பதே பயிற்சி. 1976-இல் ‘அன்னக்கிளி’ என்னும் திரைப்படத்தால் அவர் புகழ்பெற்றார். 2005-இல் திருவாசகத்திற்கு அவர் எழுதிய இசையை அங்கேரி நாட்டுப் புடாபெஸ்டு நகரப் பல்லியத்தார் வாசித்தனர். மாணிக்கவாசகரின் மொழியறியாத அவர்க்கு வழிகாட்டியது முன்னே விரித்த தாளேயாம். 2025 மார்ச்சு 8-ஆம் நாள் அவர்தம் ‘வேலியண்ட்’ என்னும் சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது.

தொடங்குவோர் எண்பது கருவியை எண்ணி அஞ்சவேண்டா. இரண்டு வயலினுக்கு எட்டு வரி எழுதுக. பின் ஒரு குழலைச் சேர்க்க. எழுதியதை அக்கருவி பயின்றவரிடம் கொடுத்து வாசிக்கச் செய்க. அவர் விரல் எங்கே தடைப்படுகின்றதோ, மூச்சு எங்கே முட்டுகின்றதோ, ஆங்கே திருத்துக.