பதின்மூன்றா, பதினைந்தா? இராமானுஜனும் அடுத்த எண்ணும்

2, 3, 5, 7, 11 என்னும் எண்களைக் கொடுத்து அடுத்து வருவது யாது என்று வினவினால், ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண்களின் வரிசை அது எனக் கண்டு, 13 என்று விடை கூறுவோரே பலர். அவ்விடை பொருத்தமானதே. ஆயினும், இதே ஐந்து எண்களை இதே ஒழுங்கில் கொண்ட வேறொரு வரிசையும் உண்டு. அதில் அடுத்து நிற்பது 15. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் எண் தோரணி என்றும் தமிழ்நாட்டில் தொடர்வரிசை என்றும் கற்பிக்கப்படும் பாடத்தில், விடையைக் காட்டிலும் அதனைப் பிறப்பிக்கும் விதியே முதன்மையானது என்பதற்கு இவ்விரண்டாம் வரிசை மிகச் சிறந்த சான்று. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜனின் ஆய்வில் அது பெற்ற இடமும் பெரிது.

ஒரு முழு எண்ணை, முன்பின் ஒழுங்கைக் கருதாமல், நேர் முழு எண்களின் கூட்டலாக எத்தனை வகையில் எழுதலாம் என்னும் எண்ணிக்கை அதன் பிரிவினை எண் எனப்படும். 4 என்பதை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என எழுதலாமாகையால் அதன் பிரிவினை எண் 5. இவ்வாறே 1 முதல் 7 வரை எண்ணினால் 1, 2, 3, 5, 7, 11, 15 என்னும் வரிசை கிடைக்கிறது.

புதிரை விடுவிப்போர் முதலில் செய்வது அடுத்தடுத்த உறுப்புகளின் வேறுபாட்டை எழுதிப் பார்ப்பதே. 2, 5, 10, 17, 26 என்பதில் வேறுபாடுகள் 3, 5, 7, 9 எனச் சீராக வளர்வதால் அடுத்தது 37 எனத் துணியலாம். பிரிவினை எண்களிலோ அவ்வேறுபாடுகள் 1, 1, 2, 2, 4, 4 என அமைந்து, இனி 8 வரும் என்று நம்பவைக்கின்றன; அந்நம்பிக்கையில் கூட்டுபவர் 23 என்பார், ஆனால் 8 இன் பிரிவினை எண் 22. உண்மையில், ஐந்து உறுப்புகளுக்குப் பின் ஆறாவதாக எந்த எண்ணை வைத்தாலும், அவ்வாறையும் பிழையின்றித் தரும் பல்லுறுப்புக் கோவை ஒன்று, அதாவது ஒரு மாறியின் படிகளைக் கொண்டு அமைந்த கோவை, இருந்தே தீரும். ஆகவே தரப்பட்ட எண்கள் மட்டும் அடுத்ததை ஒருபோதும் கட்டாயப்படுத்துவதில்லை. எண்ணப்படுவது யாது என்பதே அதனைத் தீர்மானிக்கிறது.

பிரிவினை எண்கள் விரைந்து பெருகுவன. பெர்சி மக்மகன் என்னும் ஆங்கிலேயக் கணிதவியலார் 200 வரை கையால் கணக்கிட்டுப் பெற்ற அட்டவணையின் கடைசி எண் 3,972,999,029,388. இராமானுஜனும் அவருடன் இணைந்து ஆய்ந்த கணிதவியலார் ஹார்டியும் 1918 இல் வெளியிட்ட சூத்திரத்தின் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது, அதே எண் வெறும் 0.004 வேறுபாட்டுடன் வந்தது. முந்தைய உறுப்புகள் எவற்றையும் நாடாமல் இருநூறாவது உறுப்பை நேரே எட்டிய அச்சூத்திரம் இன்றும் வியப்பூட்டுவது.

அந்த அட்டவணையை ஊன்றி நோக்கிய இராமானுஜன், 4 இலோ 9 இலோ முடியும் எண்களின் பிரிவினை எண்கள் 5, 30, 135, 490, 1575 என யாவும் 5 ஆல் வகுபடுவதைக் கண்டார். 7 க்கும் 11 க்கும் இத்தகைய ஒழுங்கு இருப்பதையும் கண்டார். பார்வையில் பட்டதோடு அவர் அமையவில்லை. 5 க்கும் 7 க்கும் உரிய நிறுவல்களை, அதாவது எல்லா உறுப்புகளுக்கும் அவ்விதி பொருந்தும் என்பதற்கான முழுமையான வாதங்களை, 1919 இல் வெளியான கட்டுரையில் தந்தார். அதே கட்டுரையில், இவ்வெண்களின் 25, 49, 121, 343 போன்ற அடுக்குகளுக்கும் இதனையொத்த விதி நீளும் என்று ஊகித்தார். ஆனால் 343 க்கு அவ்விதி முதன்முதலில் பொருந்த வேண்டிய எண் 243. மக்மகனின் அட்டவணையோ 200 உடன் நின்றுவிட்டது.

இராமானுஜன் 1920 இல் மறைந்தார். பின்னர் கணிதவியலார் ஹன்ஸ்ராஜ் குப்தா அட்டவணையை 300 வரை நீட்ட, அதனைக் கொண்டு 243 இன் பிரிவினை எண்ணான 133,978,259,344,888 என்பதைச் சோதித்த சர்வதமன் சௌலா, அது 49 ஆல் வகுபடுகிறது, 343 ஆல் வகுபடவில்லை என்று 1934 இல் காட்டினார். எனினும் ஊகம் வீணாகவில்லை: 7 இன் அடுக்குகளுக்கு உரிய திருத்திய வடிவத்தை 1938 இல் வாட்சன் நிறுவினார்; 11 இன் அடுக்குகளுக்கு இராமானுஜன் கூறியது அப்படியே சரி என்பதை 1967 இல் அட்கின் நிறுவினார்.