மூன்றாம் முறை வந்த கண்கட்டி
நுண்ணோக்கி மேசையிலிருந்து – 19

மேல் இமையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வருகிறதென்றால், அதைச் சுரண்டி எடுக்கப்போகும் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எடுக்குற சதையை டெஸ்ட்டுக்கு அனுப்புவீங்களா டாக்டர்?" இந்த வாரம் நான் எழுதுவதில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இந்தக் கேள்வி மட்டும் நினைவில் நின்றால் எனக்குப் போதும்.

போன வாரம் மச்சத்தையும் மெலனோமாவையும் பார்த்தோம். இந்த வாரம் பார்க்கப்போவது பெரும்பாலானோர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத கட்டிகள். நம் தோலுக்குள் முடியின் வேர் இருக்கிறது. அதை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. வியர்வைச் சுரப்பிகள் மட்டும் 20 முதல் 40 லட்சம் வரை இருக்கின்றன. வியர்வைச் சுரப்பியிலும் இரண்டு வகை உண்டு. உடம்பெங்கும் பரவி, வெயிலில் நம்மைக் குளிர்விப்பது எக்ரைன். அக்குள், தொடை இடுக்கு, இமை விளிம்பு என்று சில இடங்களில் மட்டும் இருப்பது அப்போக்ரைன். இவை எல்லாவற்றிலும் கட்டி வரலாம்; அட்னெக்சல் கட்டிகள் என்பது பொதுப்பெயர். முடிவேரின் அல்லது சுரப்பியின் எந்தப் பகுதியிலிருந்து கிளம்புகிறது, எந்தப் பகுதியின் சாயலில் வளர்கிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும்: சிரிங்கோமா, போரோமா, ஹைட்ரடினோமா, ஸ்பைரடினோமா, சிலிண்ட்ரோமா, ட்ரைக்கோஎபிதீலியோமா... மேற்படிப்பு மாணவர்கள் தேர்வுக்கு முதல் நாள் மிரளும் பட்டியல் இது.

இவற்றில் பெரும்பாலானவை சாதுவானவை. வீட்டில் "கொழுப்புக் கட்டி", "மரு", "பாலுண்ணி" என்று ஏதோ ஒரு பெயரில் பல வருஷம் இருந்துவிட்டுப் போகும். கெட்டவை மிகக் குறைவு, ஆனால் அந்தக் குறைவே ஆபத்தாகிவிடுகிறது. ஒரு பொது மருத்துவர் தன் வாழ்நாளில் ஒன்றையோ இரண்டையோதான் பார்த்திருப்பார். அந்த ஒன்று வந்து நிற்கும்போது அது சாதுவான கட்டியின் முகத்தோடுதான் வருகிறது.

கண் இமையை எடுத்துக்கொள்வோம். இந்தச் சுரப்பி வகைகள் அத்தனையும் ஒரு விரல் அகலத்துக்குள் நெருக்கமாக இருக்கும் இடம் உடம்பில் அது. மேல் இமைக்குள் மெய்போமியன் என்னும் எண்ணெய்ச் சுரப்பிகள் 30 முதல் 40 வரை வரிசையாக நிற்கின்றன. கீழ் இமையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. கண்ணீர் சட்டென்று காய்ந்துவிடாமல் அதன்மேல் ஒரு எண்ணெய்ப் படலத்தை இவைதான் விரிக்கின்றன. இவற்றில் ஒன்றின் வாய் அடைத்துக்கொண்டால் உள்ளே தேங்கிய எண்ணெயைச் சுற்றி வீக்கம் வரும். ஊரில் நாமக்கட்டியை உரசிப் போடுவார்கள், உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடாக ஒற்றுவார்கள். கண் டாக்டர் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்வார். முக்கால்வாசி அதிலேயே அமுங்கிவிடும். அமுங்காததை இமையைத் திருப்பி, உள்பக்கமாகக் கீறி, சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை. எடுத்த சதை பெரும்பாலும் குப்பைக்குப் போய்விடும். முதல் முறை, இளம் வயது, கட்டியின் தோற்றத்திலும் சந்தேகம் இல்லை என்றால் அதைப் பெரிய குற்றமாகச் சொல்ல முடியாது.

எங்கள் லேப் கவுன்ட்டரில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும். சின்ன பார்மலின் பாட்டிலோடு ஒரு மகன் வந்து நிற்பார்.

"மேடம், அம்மாவுக்குக் கண்ல கட்டி. இத இங்க குடுக்கச் சொன்னாங்க."

"அம்மாவுக்கு என்ன வயசு தம்பி? இது எத்தனாவது தடவ?"

"அறுபத்தஞ்சு. மூணாவது தடவ மேடம். முன்னாடி ரெண்டு தடவ எடுத்தப்போ டெஸ்ட்டெல்லாம் ஒண்ணும் சொல்லல."

"கட்டி வந்த எடத்துல இமை முடி கொட்டியிருக்கா?"

அவர் யோசித்துவிட்டு, "ஆமாங்க மேடம், அந்த எடம் மட்டும் மொட்டையா இருக்கு" என்பார்.

பாட்டிலோடு வந்த படிவத்தில் "வலது இமைக் கட்டி" என்று மட்டுமே எழுதியிருக்கும். அந்த மகன் சொன்ன மூன்று விஷயங்களும் அதில் இருக்காது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது, அதே இடத்தில் மூன்றாம் முறை, இமை முடி உதிர்ந்திருக்கிறது. கண்கட்டி வேஷத்தில் வரும் எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோயின் அடையாளங்கள் இவை. செபேஷியஸ் கார்சினோமா என்று அதற்குப் பெயர். சில சமயம் கட்டியாகக்கூட வராது. ஒரே ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்து எரிந்துகொண்டிருக்கும், எந்தச் சொட்டு மருந்துக்கும் கேட்காது.

மேல்நாட்டுப் பாடப்புத்தகங்களில் இது இமைப் புற்றுநோய்களில் மிக அரிதான ஒன்றாக ஓரத்தில் இருக்கும். அங்கே முதலிடம் பேசல் செல் கார்சினோமாவுக்கு. நம் நாட்டுக் கணக்கு வேறு. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் 536 இமைப் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்டபோது, அதில் பாதிக்கும் மேல் செபேஷியஸ் கார்சினோமாவாகவே இருந்தது. வெளிநாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு, "இது அரிது, இருக்காது" என்று நம் ஊர்க் கண்ணைப் பார்த்து முடிவு செய்வது எனக்கு உடன்பாடில்லை.

இனி நுண்ணோக்கிக்கு வருவோம். சாதாரணக் கண்கட்டியென்றால் காட்சி எளிமையானது: எண்ணெய் இருந்த இடத்தில் வெற்று ஓட்டைகள், அவற்றைச் சுற்றி அழற்சி அணுக்கள், இடையிடையே பல உட்கருக்களோடு பெரிய ராட்சத அணுக்கள். புற்றுநோயாக இருந்தால் அணுக்கள் கூட்டம் கூட்டமாக நெருங்கி நிற்கும். உட்கரு பெரிதாக, கருநீலமாக, ஒன்றைப் போல ஒன்றில்லாமல் இருக்கும். பிளந்துகொண்டிருக்கும் அணுக்களும் நிறையத் தெரியும். நான் தேடுவது அணுவின் உடற்பகுதியை. அது நுரைத்தாற்போல், குட்டிக் குட்டிக் குமிழிகளாக வெளுத்திருந்தால் உள்ளே கொழுப்பு இருந்திருக்கிறது என்று அர்த்தம். "இருந்திருக்கிறது" என்று இறந்த காலத்தில் சொல்லக் காரணம் உண்டு. பாட்டிலில் வரும் சதையை ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறவைத்த பிறகுதான் மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவுகிறோம். அந்த ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும். எந்தப் பொருளை வைத்து நோயை அடையாளம் காண வேண்டுமோ, அதை எங்கள் செய்முறையே கழுவிவிடுகிறது. கொழுப்பை நேராகச் சாயமேற்றிப் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் கரைசல்களில் போடாத சதை வேண்டும். அதை உறையவைத்து வெட்ட வேண்டும். அதனால்தான் சந்தேகம் இருக்கும் மருத்துவர் அறுவைக்கு முன்பே எங்களுக்கு ஒரு போன் செய்துவிட்டால் பெரிய உதவி. இப்போது அடிப்போஃபிலின் என்னும் புரதத்துக்கான சாயம் வந்துவிட்டது. கொழுப்பு கரைந்த பிறகும் குமிழியைச் சுற்றியிருந்த உறையை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்த வசதி எல்லா ஊர் லேபிலும் இல்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. இந்தப் புற்றணுக்கள் கட்டியோடு நிற்பதில்லை. இமையின் உள்பக்கச் சவ்வில் ஒன்றிரண்டாகப் பிரிந்துபோய், நடுவில் நல்ல திசுவை விட்டுவிட்டு, தள்ளி ஓர் இடத்தில் போய் உட்காரும். கட்டியை ஓரத்தோடு எடுத்தாயிற்று என்று நிம்மதி கொள்ள முடியாது. சவ்வில் பல இடங்களில் ஊசிமுனையளவு சதை எடுத்து, எது எங்கிருந்து எடுத்தது என்று படம் வரைந்து அனுப்புவார்கள். காதுக்கு முன்னாலும் கழுத்திலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். பரவினால் முதலில் போய்ச் சேரும் இடம் அது.

இமை விஷயம் இதுவென்றால், உதட்டு விஷயத்தில் ஏமாற்றம் வேறு வழியில் வருகிறது. மைக்ரோசிஸ்டிக் அட்னெக்சல் கார்சினோமா என்ற புற்றுநோயை 1982-ல்தான் கோல்ட்ஸ்டீன், பார், சான்டா குரூஸ் என்ற மூன்று அமெரிக்க மருத்துவர்கள் தனி நோயாகப் பிரித்துச் சொன்னார்கள். மேலுதட்டிலோ கன்னத்திலோ வெளிறிய, கெட்டியான தகடு மாதிரி இருக்கும். வருஷக்கணக்கில் மெல்ல வளரும். வலிக்காது; சிலருக்கு அந்த இடம் மரத்துப்போயிருக்கும். அழகு கெட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் மருத்துவர் பிளேடால் மேலாகச் சீவி அனுப்புவார். அந்த மெல்லிய சீவலில் எனக்குத் தெரிவதெல்லாம் குட்டிக் குட்டிக் குழாய்களும் சின்னச் சின்னக் கெரட்டின் பைகளும்தான். சில குழாய்களுக்குத் தலைப்பிரட்டையைப் போல் வால்கூட இருக்கும். கண்ணுக்குக் கீழே பெண்களுக்குக் கொத்தாக வரும், ஒரு கெடுதலும் செய்யாத சிரிங்கோமாவும் அச்சு அசல் இதே மாதிரிதான் இருக்கும். அணுக்களின் முகத்திலும் கெட்ட குணம் தெரியாது, சாந்தமாகவே இருக்கும். அதன் கெட்ட குணமெல்லாம் ஆழத்தில் இருக்கிறது: கொழுப்படுக்கையைத் தாண்டி, தசைக்குள் இறங்கி, நரம்பைச் சுற்றி ஊர்ந்துகொண்டிருக்கும். மரத்துப்போனதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே மேல் சீவலை மட்டும் வைத்துக்கொண்டு "சிரிங்கோமா" என்று எழுதும் ரிப்போர்ட் ஒருவருடைய பாதி உதட்டைப் பறித்துவிடலாம். இதில் என்னைக் காப்பாற்றுவது நுண்ணோக்கியின் தரமோ என் அனுபவமோ மட்டும் அல்ல. "இரண்டு கண்ணுக்குக் கீழேயும் பல கட்டிகள், பத்து வருஷமாக" என்று படிவத்தில் இருந்தால் சிரிங்கோமா என்று தைரியமாக எழுதுவேன். "மேலுதட்டில் ஒரே தகடு, மரத்திருக்கிறது" என்று இருந்தால், "இந்தச் சதை போதாது, கொழுப்புவரை ஆழமாக எடுத்து அனுப்பவும்" என்றுதான் எழுதுவேன். ஒன்றுமே எழுதாமல் வரும் படிவத்தை நான் வெறுக்கிறேன். தோல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் ஒரு செல்போன் போட்டோ எனக்குப் பத்து விலையுயர்ந்த சாயங்களுக்குச் சமம்.

சாயங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோயாளிகள் அவற்றுக்குக் கைக்காசு செலவழிக்கிறார்கள். அக்குளிலோ தலையிலோ சுரப்பி வடிவில் ஒரு புற்றுநோய் தெரிந்தால் முதல் கேள்வி, இது தோலிலேயே முளைத்ததா, மார்பகத்திலிருந்தோ குடலிலிருந்தோ வந்து ஒட்டியதா என்பது. இரண்டுக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு. பி63, போடோபிளானின் என்னும் இரு புரதங்களுக்கான சாயங்கள் பெரும்பாலான தோல் சுரப்பிப் புற்றுகளில் ஏறும். உள்ளுறுப்பிலிருந்து வந்தவற்றில் பெரும்பாலும் ஏறாது. ஆனால் அக்குளின் அப்போக்ரைன் புற்றையும் மார்பகப் புற்றையும் சாயத்தை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. அங்கே மருத்துவரின் கையும் மேமோகிராமும்தான் பதில் சொல்லும். பெண் நோயாளிக்கு அக்குள் கட்டி என்றால் மார்பகத்தைப் பரிசோதித்தார்களா என்று கேட்காமல் நான் ரிப்போர்ட்டில் கையெழுத்திடுவதில்லை.

சில கட்டிகள் ஒரு ஆளோடு முடிவதில்லை. லண்டனில் மூயர் 1967-லும் நியூயார்க்கில் டோர் 1968-லும் தனித்தனியே தலா ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். முகத்தில் பல தோல் கட்டிகள், வயிற்றுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட புற்றுநோய்கள், இரண்டும் ஒரே ஆளுக்கு. இன்று அதை மூயர்–டோர் நோய் என்கிறோம். அணு பிளக்கும்போது டிஎன்ஏ நகலில் விழும் எழுத்துப் பிழையைத் திருத்தும் மரபணு ஒன்று பிறவியிலேயே பழுதாக இருப்பதுதான் காரணம். எண்ணெய்ச் சுரப்பிக் கட்டி, அது சாதுவானதாகவே இருந்தாலும், அறுபது வயதுக்கு முன் வந்தாலோ, ஒன்றுக்கு மேல் வந்தாலோ, முதுகு, வயிறு போன்ற இடங்களில் வந்தாலோ, நான்கு திருத்தும் புரதங்களும் அதில் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்க்கிறோம். ஒன்று காணாமல் போயிருந்தால் அதுவே முடிவு அல்ல; ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். உறுதியானால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும். பழுதான மரபணு உள்ளவர்கள் இளம் வயதிலேயே குடலை ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பியில் பார்த்துக்கொண்டால் பெருங்குடல் புற்றுநோயை மொட்டிலேயே அகற்றிவிடலாம். பெண்களுக்குக் கருப்பையையும் கவனிக்க வேண்டும். "எங்க அப்பாவும் குடல் கேன்சர்லதான் போனாரு" என்று நோயாளி சொல்லும் ஒரு வாக்கியம் எவ்வளவு பெரியது என்று அவருக்கே தெரியாது. அதையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

தலையெங்கும் உருண்டை உருண்டையாகக் கட்டிகள் வரும் சிலிண்ட்ரோமாவும் இப்படித்தான் குடும்பத்தில் தொடரும். அதற்குக் காரணமான சிஒய்எல்டி என்ற மரபணுவை 2000-ல் கண்டுபிடித்தார்கள். "உங்க அம்மாவுக்கும் இருந்துச்சா?" என்ற கேள்விக்கு "ஆமா, பாட்டிக்கும்" என்று பதில் வந்தால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்தது.

கடைசியாக, செலவில்லாத ஒரு உரிமையைச் சொல்கிறேன். உங்கள் சதையைப் பதித்த மெழுகு பிளாக் பல வருஷம் கெடாது. ரிப்போர்ட்டில் "அட்னெக்சல் ட்யூமர்" என்று பட்டும் படாமலும் எழுதியிருந்தாலோ, பெரிய அறுவை செய்யச் சொல்லியிருந்தாலோ, பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கி, தோல் நோய்க்குறியியலில் பழக்கமுள்ள இன்னொருவரிடம் காட்டலாம். இதனால் எந்தப் பேத்தாலஜிஸ்ட்டும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அரிதான கட்டிகளை நாங்களே ஒருவருக்கொருவர் அனுப்பிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ரிப்போர்ட் நகலை மட்டும் எடுத்துப்போனால் அந்த இன்னொருவரால் ஒன்றும் செய்ய முடியாது. பிளாக்கைத் துணியில் சுற்றி, வெயில் படாமல் எடுத்துப்போங்கள்; மெழுகு உருகும்.

அடுத்த வாரம் பைலோமேட்ரிக்கோமா. குழந்தைகளின் கன்னத்திலும் கையிலும் கல் மாதிரி வரும் இந்தச் சாதுவான கட்டி, ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும்போது சில சமயம் புற்றுநோய் போலவே தெரிந்து ஒரு வீட்டையே கலங்கடித்துவிடும். அது ஏன் என்று பார்ப்போம்.