கைதுக்குப் பிறகு: பாக் நீரிணை மீனவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ராமேசுவரம் மீனவர்கள் பிடிபட்ட செய்தி வந்த அன்று மாலையே தொலைக்காட்சி விவாதத்தில் கச்சத்தீவு வந்து உட்கார்ந்துகொள்ளும். 285 ஏக்கர் நிலம், ஓர் அந்தோணியார் கோயில், குடியிருப்பு கிடையாது. அதை மீட்டுவிட்டால் கைது நின்றுவிடும் என்று முழங்காத மேடை குறைவு. ஆனால் படகுகள் எங்கே பிடிபடுகின்றன? நெடுந்தீவு, காரைநகர், பருத்தித்துறை, தலைமன்னார் பக்கங்களிலும்தான். தீவு நாளைக்கே நம் கைக்கு வந்தாலும் அந்த ஊர்களின் கடல் எல்லைக்கு அப்பால்தான் இருக்கும். இறால் அங்கேதான் கிடைக்கிறது, படகும் அங்கேதான் போகும்.

ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1974 ஜூனில் கையெழுத்தான உடன்பாடு கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்டது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது அதன் 5-ஆம் பிரிவு. இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் கடலில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது 6-ஆம் பிரிவு. மீனவர் சங்கங்கள் பிடித்துக்கொண்டிருப்பது இந்த 6-ஆம் பிரிவைத்தான். ஆனால் 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டவர் மற்ற நாட்டுக் கடலில் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மீன்பிடிக்கக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டன. அதே ஏற்பாட்டில்தான் கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் மிக்க வெட்ஜ் பேங்க் இந்தியாவுக்கு உறுதியானது. மேடைகளில் அந்தப் பாதி காணாமல் போய்விடுகிறது. கச்சத்தீவில் ஓய்வெடுக்கலாம், வலை உலர்த்தலாம், மீன்பிடிக்க முடியாது என்பது தில்லி தொடர்ந்து சொல்லிவரும் விளக்கம். நைலான் வலை வந்த பிறகு யார் வலை உலர்த்துகிறார்கள் என்று தில்லியில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1974-ஐ வைத்து அரசியல் வழக்காடலாம். ஊர்காவற்றுறை நீதவான், அதாவது இலங்கை மாஜிஸ்திரேட், முன்னால் நிற்கும்போது அது உதவாது. அங்கே செல்லுபடியாவது இலங்கையின் சட்டம்: 1979-இல் வந்த வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் ஒழுங்குபடுத்தும் சட்டம், அபராதத்தைப் படகின் நீளத்துக்கேற்ப 17.5 கோடி இலங்கை ரூபாய் வரை ஏற்றிய 2018 திருத்தம், இழுவை மடியைத் தடைசெய்த 2017 சட்டம்.

இழுவை மடி என்பதுதான் இந்தப் பிரச்சினையின் அடிவேர். பை போன்ற வலை. வாய் விரிந்து நிற்க இரண்டு பக்கமும் கனமான பலகைகள். அடியில் இரும்புச் சங்கிலி. விசைப்படகு இழுக்க இழுக்கச் சங்கிலி கடலடியைக் கிளறும், மண்ணுக்குள் பதுங்கியிருக்கும் இறால் எழும்பிப் பைக்குள் விழும். இறாலோடு குஞ்சு மீன், கடற்புல், பார் உடைந்த துண்டு எல்லாம் வரும். விற்க முடிந்ததை எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்பக் கடலில் கொட்டுவார்கள், பெரும்பாலும் செத்துப்போய். வழியில் யாழ்ப்பாணத்துக்காரர் இரவில் விரித்துவைத்த செவுள் வலை இருந்தால் அதையும் அறுத்துக்கொண்டு போகும்.

அந்த யாழ்ப்பாணத்துக்காரரும் தமிழர்தான். போர் நடந்த கால் நூற்றாண்டும் கடற்படைத் தடைகளால் பெரும்பாலும் கரையில் முடக்கப்பட்டிருந்தவர். 2009-க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கிக் கடலில் இறங்கினால், எதிரே ராமேசுவரம் படகுகள். 2017 தடைச் சட்டத்துக்கு வித்திட்டது இலங்கை நாடாளுமன்றத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் மசோதா. சிங்களக் கடற்படைக்கும் தமிழ் மீனவனுக்குமான சண்டையாக மட்டும் இதைப் பார்க்கிறவர்கள் இந்த ஒரு தகவலை எங்கே வைப்பதென்று யோசிக்க வேண்டும்.

அதற்காகச் சுட்டுத்தள்ளலாம் என்று ஆகிவிடாது. இந்திய மீன்பிடிப் படகுகள் மீது துப்பாக்கிச் சூடு கூடாது என்பது 2008 அக்டோபரில் இரு நாடுகளும் ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு நம் படகுகள் அடையாள அட்டையும் பதிவுச் சான்றும் வைத்திருக்க வேண்டும், இலங்கை குறித்துக்கொடுத்த பாதுகாப்புப் பகுதிகளுக்குள் போகக் கூடாது. பலப் பிரயோகம் கடைசி வழியாக, தேவையான அளவுக்கு மட்டுமே இருக்கலாம் என்று சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் 1999-இல் சாய்கா கப்பல் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் 2017 மார்ச்சில் ராமேசுவரம் இளைஞர் ஒருவர் குண்டடிபட்டு இறந்தார். 2024 ஆகஸ்டில் இலங்கைக் கடற்படைக் கப்பல் மோதி இன்னொரு மீனவர் இறந்தார். அதே ஆண்டு ஜூனில் நம் படகைப் பிடிக்க முயன்றபோது இலங்கைக் கடற்படை வீரர் ஒருவரும் உயிரிழந்தார். அந்த 2024-இல் மட்டும் 500 மீனவர்களுக்கு மேல் கைதானார்கள்.

கைதானால் நடப்பது ஏறத்தாழ ஒரே மாதிரி. காங்கேசன்துறைக்கோ மயிலிட்டிக்கோ கொண்டுபோவார்கள், கடற்றொழில் திணைக்களத்தாரிடம் ஒப்படைப்பார்கள், நீதவான் விளக்கமறியலில் வைப்பார், அதாவது நம்மூர் நீதிமன்றக் காவல். இந்தக் கட்டத்தில் மீனவருக்கு ஓர் உறுதியான உரிமை இருக்கிறது. 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவுப்படி, தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கலாம், தூதரக அதிகாரி வந்து பார்க்கலாம், வழக்கறிஞர் ஏற்பாடு செய்யலாம். யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. வடக்கே நீதிமன்றம் தமிழில் நடக்கும். மன்னார் வளைகுடாவில் பிடிபட்டுப் புத்தளம் பக்கம் கொண்டுபோகப்பட்டால் சிங்களமாக இருக்கலாம், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். படித்துக்காட்டாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

பெரும்பாலானோர் கவனிக்காமல் விடும் ஆபத்து ஒன்று உண்டு. முதல்முறை பிடிபட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். மிரிஹானை தடுப்பு முகாமில் சில நாள், பிறகு சென்னைக்கு விமானம், மாலை மரியாதை. விடுதலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது விடுதலை அல்ல. பல ஆண்டுகளுக்கு அந்தத் தண்டனை தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குள் மறுபடி பிடிபட்டால் பழைய தண்டனையும் உயிர் பெறும். 2024 பிப்ரவரியில் சிலருக்கு இப்படிச் சிறை விழுந்ததைக் கண்டித்துத்தான் ராமேசுவரம் மீனவர்கள் அந்த ஆண்டு கச்சத்தீவுத் திருவிழாவையே புறக்கணித்தார்கள். ஆகவே ஒரு முறை போய்வந்தவர் தன் தீர்ப்பின் நகலை வாங்கிவைத்திருப்பதும், அதில் எத்தனை ஆண்டு என்று பார்ப்பதும் அவசியம். படகோட்டியாக இருப்பவர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கூடவந்தவர்களை விட்டுவிட்டு ஓட்டுநரைத் தண்டித்த வழக்குகள் இருக்கின்றன.

படகின் கதை தனி. உரிமையாளரே இலங்கை நீதிமன்றத்தில் ஆஜராகி ஆவணம் காட்டினால்தான் உரிமை கோர முடியும். வராவிட்டால் அரசுடைமை. இப்படிப் பறிமுதலான படகுகளை 2022-இல் ஏலம் விட்டார்கள். பதிவுச் சான்று உரிமையாளர் பெயரில் இல்லாமல் பழைய பெயரிலேயே கிடந்தால் வழக்கே நிற்காது. ஆகவே வாங்கிய கையோடு பெயர் மாற்றுங்கள்.

கரையில் இருக்கும் குடும்பம் என்ன செய்யலாம்? படகு மீன்வளத்துறையின் அனுமதி டோக்கன் எடுத்துக்கொண்டு போயிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. டோக்கன் இல்லாமல் போனால் மீன்வளத்துறைக் கணக்கில் அந்த ஆள் கடலுக்கே போகவில்லை, நிவாரணம் கேட்பது இழுபறியாகும். படகு திரும்பவில்லை என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. கைது உறுதியானால் மீன்வளத்துறை உதவி இயக்குநரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். சிறையில் இருக்கும் நாள்களுக்கு மாநில அரசு தினப்படி உதவித்தொகை தருகிறது. வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் புகார் பதிந்தால் அதற்கொரு எண் கிடைக்கும், பின்தொடரலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100. கடலில் விபத்தால் இறப்போ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழுக் காப்பீட்டில் 5 லட்சம் உண்டு. பெயர் பதிவாகியிருக்க வேண்டும்.

இதெல்லாம் வந்தபின் பார்க்கும் வைத்தியம். வராமல் தடுக்க என்ன செய்யலாம் என்று நிபுணர்கள் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பேராசிரியர் வி. சூரியநாராயண் கச்சத்தீவை நீண்ட குத்தகைக்குக் கேட்கலாம், உரிமம் வழங்கி மீன்பிடிக்கலாம், பாக் விரிகுடாவை இருவரின் பொதுச் சொத்தாகக் கூட்டாக நிர்வகிக்கலாம் என்றார். மீனவர்களே 2010-இல் கூடிப் பேசி, ஓராண்டில் இழுவை மடியை விட்டுவிடுவது, அதுவரை குறிப்பிட்ட நாள்கள் மட்டும் போவது என்ற இணக்கத்துக்கு வந்தார்கள். இரு அரசுகளும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2016 நவம்பரில் அரசுகள் தாமே ஒரு கூட்டுச் செயற்குழு அமைத்தன, 3 மாதத்துக்கு ஒருமுறை கூடுவதாக. எட்டு ஆண்டு கழித்து 2024 அக்டோபரில் கொழும்பில் நடந்தது அதன் ஆறாவது கூட்டம்.

2017-இல் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் வந்தது. 2,000 விசைப்படகுகளை மாற்றுவது இலக்கு, ஒரு படகு 80 லட்சம், அதில் மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, வங்கிக் கடன் 20, மீனவர் 10. காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே இரவில் போய்த் திரும்பிப் பழகியவரை வாரக்கணக்கில் சூரை தேடி ஆழ்கடலில் கிடக்கச் சொன்னால், பயிற்சி வேண்டும், பெரிய படகு நிற்கத் துறைமுகம் வேண்டும், பிடித்ததை நல்ல விலைக்கு வாங்க ஆள் வேண்டும். அவை சரியாக அமையாததால் எடுத்தவர்கள் கொஞ்சம், எடுத்தும் கடனில் சிக்கியவர்கள் உண்டு. படகுக்கு மானியம் கொடுப்பதைவிடப் பழைய மடிப் படகை அரசே விலைகொடுத்து வாங்கி உடைப்பதுதான் கைமேல் பலன் தரும் என்பது என் எண்ணம்.

அந்தப் பணம் யாருக்குப் போகும் என்பதையும் அப்போதே எழுதிவைக்க வேண்டும். விசைப்படகில் உரிமையாளர் ஒருவர், பங்குக்கு வேலை செய்பவர் பலர். எல்லை தாண்டச் சொல்லும் முடிவு பெரும்பாலும் கரையிலிருந்து வருகிறது, விளக்கமறியலுக்குப் போவது பங்குக்காரர். படகு இழப்பீடு உரிமையாளரின் கணக்குக்கு வரும்போது, மாதக்கணக்கில் கூலியிழந்தவருக்குத் தினப்படி உதவிதான். படகு ஏறும் முன் எங்கே போகிறோம், பிடிபட்டால் வழக்குச் செலவும் அபராதமும் யார் பொறுப்பு என்று சங்கத்தின் முன்னிலையில் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளச் சட்டத் தடை எதுவும் இல்லை. சங்கங்கள் நினைத்தால் வரும் ஜூனில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் டோக்கன் கொடுக்கும் நாளிலிருந்தே அதைத் தொடங்கலாம்.