சுடும் கைப்பிடியும் சுடாத கையும்

மும்பைக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்கள் ஊரிலிருந்து கூடவே கொண்டுவந்த சாமான்களில் பாத்திரங்களுக்குத் தனி இடம் உண்டு. வெண்கலப் பானை, உருளி, இருப்புச்சட்டி, ஈயச்சொம்பு என்று தலைமுறை தாண்டியும் புழங்கும் வீடுகள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பல. ஆனால் ஊர்ச் சமையலறையின் விசாலம் மட்டும் நம்மோடு ரயில் ஏறி வரவில்லை. தாராவியின் ஒற்றை அறையானாலும் சரி, அடுக்குமாடிக் குடியிருப்பானாலும் சரி, கொதிக்கும் குழம்பை இறக்கிக்கொண்டு திரும்பினால் பின்னால் குழந்தை நிற்கிறது. கைப்பிடி சுட்டுக் கையை உதறினால் என்ன ஆகும் என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, சின்ன விஷயம்தானே என்று தள்ளிவிடாமல் சற்றுப் பார்ப்போம்.

ஏன் சுடுகிறது?

கைப்பிடிக்குச் சூடு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, உலோகத்தின் வழியாக. எல்லா உலோகமும் ஒன்றுபோல் சூட்டைக் கடத்துவதில்லை. எவர்சில்வரைவிடப் பித்தளை சுமார் 7 மடங்கும், அலுமினியம் ஏறக்குறைய 15 மடங்கும், செம்பு 25 மடங்குக்கு மேலும் வேகமாகக் கடத்தும். மரமோ எவர்சில்வரில் நூறில் ஒரு பங்குதான். பித்தளை டம்ளரில் காபி ஊற்றியவுடன் விரல் ஏன் விளிம்பைத் தேடி ஓடுகிறது என்பது இதிலிருந்தே விளங்கும். டபராவுக்கும் டம்ளருக்கும் வெளிப்புறம் மடித்த விளிம்பு வைத்த நம் முன்னோர் கெட்டிக்காரர்கள். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் 1940 முதல் நடந்துவரும் கஃபே மெட்ராஸில் காபி குடிப்பவர் பிடிப்பதும் அந்த விளிம்பைத்தான்.

இரண்டாவது வழியைப் பலர் கவனிப்பதில்லை. பாத்திரத்தின் அடியைத் தாண்டி ஜுவாலை எழுந்தால், அந்த அனல் பக்கவாட்டில் ஏறி நேராகக் கைப்பிடியைத் தாக்குகிறது. இருப்புச்சட்டியின் காதுகள் சட்டென்று சுடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஜுவாலையை அடிப்பாகத்துக்குள் அடங்கும்படி குறைத்து வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது, எரிவாயுவும் மிச்சம். இண்டக்ஷன் அடுப்பில் ஜுவாலையே இல்லாததால் கைப்பிடி அவ்வளவாகச் சுடாது. ஆனால் பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்கள் சாதாரணமாக அதில் சூடேறா.

கரித்துணியும் முந்தானையும்

கரித்துணி நல்ல தோழன்தான், உலர்ந்திருக்கும் வரை. துணியின் இழைகளுக்கிடையே உள்ள காற்றுதான் கையைக் காக்கிறது. துணி நனைந்தால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். போதாக்குறைக்கு ஆவியாகவும் மாறிச் சுடும். மேடை துடைத்த ஈரத்துணியாலோ இட்லித் துணியாலோ பாத்திரத்தை இறக்குவது வேண்டவே வேண்டாம். விடியுமுன் எழுந்து இட்லி அவித்து நகரமெங்கும் கொண்டுபோய் விற்கும் தாராவிக் குடும்பங்களுக்கு இது அன்றாடப் பாடம். கொப்பரை மூடியைத் திறக்கும்போதும் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறந்தால் ஆவி நம்மேல் அடிக்காது.

அவசரத்துக்கு முந்தானையால் பிடித்து இறக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். பருத்திப் புடவை தீப்பிடிக்கும். நைலான், பாலியஸ்டர் புடவைகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்தித் துணியை நான்காக மடித்துத் தைத்து, ஒரு வளையம் வைத்து அடுப்பருகே ஆணியில் மாட்டிவிடுங்கள். கைக்கு எட்டும் இடத்தில் துணி இருந்தால் முந்தானையைத் தேட மாட்டோம்.

இடுக்கி

இந்தியில் 'பக்கட்', மராத்தியில் 'சாண்ட்ஷி' என்று எந்தப் பெயரில் கேட்டு வாங்கினாலும், ஆணி தளர்ந்த இடுக்கி ஆபத்து. விளிம்பு மடிந்த பாத்திரத்தை அது நன்றாகப் பற்றும், விளிம்பில்லாததில் வழுக்கும். நிறையக் குழம்பு உள்ள கனத்த பாத்திரத்தை ஒற்றை இடுக்கியால் தூக்காதீர்கள். இரு பக்கமும் துணியால் பிடித்து இரு கையாலும் இறக்குவதே சரி. ஈயச்சொம்பு மிருதுவானது, இடுக்கி பட்டால் நசுங்கும், அதற்குத் துணிதான். இறக்கி வைக்கும் இடத்தில் பிரிமணை முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். சுடும் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடுவதில்தான் பல விபத்துகள் நேர்கின்றன.

வாங்கும்போது கவனிக்க

குக்கரின் கறுப்புக் கைப்பிடி பேக்லைட் வகையைச் சேர்ந்தது. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லியோ பேக்லண்ட் 1907-இல் கண்டுபிடித்த பொருள் அது. சூட்டைக் கடத்தாது, ஆனால் ஜுவாலை நேராகப் பட்டால் கருகி வெடிக்கும். விரிசல் கண்டால் ஒட்டுப்போடாமல் மாற்றிவிடுங்கள். திருகாணி ஆடினால் அன்றே முடுக்குங்கள். ஐ.எஸ். 2347 தர முத்திரை உள்ள குக்கர்களையே விற்க வேண்டும் என்று மத்திய அரசு 2020-இல் ஆணை பிறப்பித்தது. அதைப் பார்த்து வாங்குங்கள். எவர்சில்வரில் வாங்கினால் உள்ளே கூடான, நீண்ட கைப்பிடியே மேல். சிலிக்கோன் உறைகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. பாத்திரத்தை இறக்கும்போது மாட்டுங்கள், அடுப்பில் இருக்கும்போது கழற்றிவிடுங்கள்.

எந்தக் கைப்பிடியானாலும் மேடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உட்பக்கமாகத் திருப்பி வையுங்கள். குழந்தையின் கை எட்டாது. நம் புடவையும் மாட்டாது.

கை சுட்டுவிட்டால்

உடனே வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள், வீங்கியபின் வராது. சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். தண்ணீர் நேரம் பார்த்து வரும் வீடுகளில், வாளியில் பிடித்து வைத்ததைக் குவளையால் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருக்கலாம். பனிக்கட்டி, பற்பசை, பேனா மை, நெய், இட்லி மாவு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். காயம் உள்ளங்கையளவுக்கு மேல் இருந்தாலோ, முகத்திலோ கையிலோ கொப்புளித்தாலோ, சுட்டது குழந்தையையானாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். தாராவி, மாட்டுங்காவாசிகளுக்கு சயான் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு 108.

இன்று மாலை ஐந்து நிமிடம் ஒதுக்கி, வீட்டிலுள்ள குக்கர் திருகாணியையும் இடுக்கியின் ஆணியையும் ஆட்டிப் பாருங்கள். இந்த வேலை பெண்களுக்கு மட்டும் என்று எழுதி வைத்திருக்கவில்லை. திருப்புளி பிடிக்கத் தெரிந்த ஆண்களும் செய்யலாம்.