அறுத்த பலகை உளுக்காமல் இருக்க வெங்காரம்



வரப்போரத்தில் நிற்கிற வாகையோ, காய்ப்பு ஓய்ந்த மாமரமோ, 15 வருஷத்துத் தேக்கோ, ஏதாவது ஒன்றை வெட்டி மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்து வைக்கிறீர்கள். மகள் கலியாணத்துக்குக் கட்டில் செய்யலாம், வீடு கட்டும்போது கதவு ஜன்னலுக்கு ஆகும் என்று தாழ்வாரத்தில் அடுக்கி வைக்கிறீர்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் அடுக்கின் கீழே மாவு கொட்டினாற்போல வெள்ளைப் பொடி. பலகையில் குண்டூசி நுழைகிற அளவுக்குத் துளைகள். ஆசாரி வந்து விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது உளுத்துப் போச்சுங்க, அடுப்புக்குத்தான் ஆகும்" என்று சொல்லிவிடுவார். மரமும் போச்சு, வெட்டுக்கூலி, வண்டி வாடகை, அறுவைக் கூலியும் போச்சு.

இதற்குப் பயந்துதான் பலபேர் நல்ல மரத்தையும் விறகு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூர்ப் பகுதியில் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டைப் பக்கம் தோப்பு தோப்பாக மரங்களை விழுத்தாட்டியது. எல்லாரும் ஒரே சமயத்தில் விற்க வந்தால் விலை எங்கே நிற்கும்? அறுத்து வைத்துக்கொண்டு பிறகு பயன்படுத்தலாம் என்றால் உளுவை நினைத்துத் தயக்கம்.

இந்த உளுவைத் தடுக்கும் மருந்து வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டிய பொருள் அல்ல. நிலக்கடலைக்கும் தென்னைக்கும் நீங்கள் போடுகிற போரான் சத்துதான் அது. ஆனால் பலகை பச்சையாக இருக்கும்போதே கொடுக்க வேண்டும். காய்ந்த பிறகு கொடுத்தால் முக்கால்வாசிப் பலன் இல்லை. அது ஏன் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பலகையை உளுக்க வைப்பது ஒரு சின்னஞ்சிறு வண்டு. நம் அரிசி மூட்டையில் வருகிறதே, அந்த அளவுதான் இருக்கும். இது மரத்துக்காக வருவதில்லை, மரத்துக்குள் இருக்கிற மாவுச் சத்துக்காக வருகிறது. மரத்தின் நடுவில் நிறம் ஏறிய வைரப் பகுதியில் மாவுச் சத்து கிடையாது. சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியில்தான் உண்டு. அதனால்தான் பழைய வீட்டு உத்தரம் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது, நேற்று வாங்கின கட்டில் கால் பொடியாகிறது. மா, இலவு, ரப்பர் இவற்றிலெல்லாம் வைரம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. தேக்குதானே என்று நம்பாதீர்கள். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த இளந்தேக்கில் வெள்ளைதான் அதிகம். அந்த வெள்ளையை உளு விடாது.

அறுத்த பலகையின் மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நுண்ணிய குழல் வாய்கள் இருக்கும். மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறிய பாதைகள் அவை. தாய் வண்டு அந்த வாய்க்குள் முட்டையை இறக்கிவிடும். புழு உள்ளேயே தின்று, உள்ளேயே வளர்ந்து, கடைசியில் வண்டாகி ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். நாம் பார்க்கிற துளை உள்ளே போன வழி அல்ல, வெளியே வந்த வழி. பொடி கொட்டும்போது சேதம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம். புத்தம் புது வார்னிஷ் கட்டிலிலிருந்து பொடி கொட்டுவதும் இதனால்தான். வார்னிஷ் பூசுவதற்கு முன்பே முட்டை உள்ளே போயிருக்கும்.

நம் பெரியவர்கள் மூங்கிலையும் மரத்தையும் குளத்தில் மாதக்கணக்கில் ஊறப் போட்டு எடுத்தார்கள். மாவுச் சத்து தண்ணீரில் கரைந்தும் அழுகியும் போய்விடும், வண்டுக்கு அங்கே வேலை இல்லை. அருமையான முறை. குளத்தில் தண்ணீர் இருந்தால் இன்றைக்கும் செய்யலாம்! பிறகு வந்த காலத்தில் பி.எச்.சி. பவுடரைத் தூவினார்கள். அந்த மருந்து 1997-ல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. சிலர் வண்டிகளில் வடித்த கழிவு ஆயிலைப் பூசுகிறார்கள். அது மேல்தோலோடு நின்றுவிடும். பலகை கறுத்துப் போய், பிறகு பெயிண்டும் பிடிக்காது.

போரான் அப்படி இல்லை. ஈரம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் தானாகப் பரவும். தெளிந்த தண்ணீரில் ஒரு சொட்டு நீலம் விட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லா இடமும் நீலமாகிறதல்லவா? பச்சைப் பலகையின் மேல் தடவிய போரானும் அதேபோல நடுவரைக்கும் போய்ச் சேரும். அந்த மரத்தைத் தின்கிற புழு பிழைக்காது. 1930-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் இந்தக் குணத்தை ஆராய்ந்து சொன்னார்கள். நமக்குப் பக்கத்தில் பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் ரப்பர் மரத்தில் இதை நன்றாகச் செய்து பார்த்திருக்கிறது. ஒரு காலத்தில் விறகாக மட்டுமே போன ரப்பர் மரம் இன்றைக்கு மேஜை நாற்காலியாகிறதென்றால், அதற்குப் போரான் ஒரு முக்கியக் காரணம்.

இனி, இதைக் குறைந்த செலவில் எப்படி வாங்குவது?

போரான் மூன்று உருவத்தில் கிடைக்கும். ஒன்று வெங்காரம். போராக்ஸ் என்பதும் இதுதான். நகை வேலை செய்பவர்கள் பற்றவைக்கப் பயன்படுத்துவது. உரமாக வருவதில் 100-க்கு 10.5 பங்கு போரான் இருக்கும். இரண்டாவது போரிக் ஆசிட். கேரம் போர்டில் தூவுகிறார்களே, அந்த வெள்ளைப் பவுடர். இதில் 17 பங்கு. மூன்றாவது, டை சோடியம் ஆக்டாபோரேட் என்று நீளமான பெயர் கொண்டது. இலைவழித் தெளிப்புக்கு "போரான் 20 சதம்" என்று பையில் அச்சிட்டு விற்பது. மர மருந்து என்று தனியாகப் பெயர் போட்டு விற்கும் போரேட் பவுடரிலும் இதே சரக்குதான் இருக்கும்.

மருந்துக் கடையில் சின்னச் சின்ன டப்பாவாகப் போரிக் பவுடர் வாங்கினால் கட்டுப்படியாகாது. உரக் கடையிலோ ரசாயனப் பொருள் மொத்தக் கடையிலோ கிலோக்கணக்கில் வாங்குங்கள். விலையை ஒப்பிடும்போது கிலோ விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஒன்றரைப் பங்கு வெங்காரமும் ஒரு பங்கு போரிக் ஆசிட்டும் சேர்த்த கலவையில் 1½ கிலோ செய்யும் வேலையை, 20 சதப் பவுடர் 1 கிலோ செய்துவிடும். ஒரு பேச்சுக்கு, கலவை கிலோ 120 ரூபாய் விழுகிறது, 20 சதப் பவுடர் கிலோ 170 ரூபாய் சொல்கிறார்கள் என்று வையுங்கள். கலவைக்கு 180 ரூபாய் ஆகிறது, பவுடருக்கு 170-தான். பார்க்க விலை கூடினதுதான் மலிவு. உங்கள் ஊர்க் கடை விலையை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, எது லாபமோ அதை வாங்குங்கள். நுண்ணூட்டக் கலவை, திரவப் போரான் என்று வருபவை இதற்கு வேண்டாம். அவற்றில் போரான் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் வேறு சரக்கு.

வெங்காரத்தை மட்டும் வாங்கிக் கரைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வெங்காரமும் சரி, போரிக் ஆசிட்டும் சரி, தனித்தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் 100-க்கு 5 பங்குகூடக் கரைவதில்லை. இரண்டையும் சேர்த்தால் ஒன்றுக்கொன்று உதவி செய்துகொண்டு அதைவிட அதிகமாகக் கரையும்.

1 அங்குலப் பலகைக்கு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 900 கிராம் வெங்காரம், 600 கிராம் போரிக் ஆசிட். தண்ணீரில் பாதியை நன்றாகச் சூடாக்கி முதலில் வெங்காரத்தையும் பிறகு போரிக் ஆசிட்டையும் போட்டுத் தெளிகிறவரை கலக்கி, மீதித் தண்ணீரை ஊற்ற வேண்டும். 20 சதப் பவுடராக இருந்தால் 10 லிட்டருக்கு 1 கிலோ. இதை வெதுவெதுப்பான தண்ணீரிலேயே கரைத்துவிடலாம். 2 அங்குலச் சட்டமாக இருந்தால் மருந்தை இரண்டு மடங்காக்கிச் சூடு ஆறுவதற்குள் பூச வேண்டும். ஆறினால் அடியில் உப்புப் போலப் படியும். 10 லிட்டர் கரைசல், 1 அங்குலப் பலகையில் சுமார் 15 முதல் 20 கன அடிக்கு வரும். சமையல் பாத்திரத்தில் மட்டும் கலக்காதீர்கள்.

மரத்தை வெட்டிப் பட்டையோடு நாள் கணக்கில் போட்டு வைக்கக் கூடாது. பட்டைக்குள் வேறு வகை வண்டுகள் குடியேறிவிடும். சீக்கிரம் அறுத்துவிடுங்கள். அறுத்த அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள், மருந்து பிடிக்க வேண்டும். மில்லுக்குப் போகும்போதே பவுடரை வாங்கி வீட்டில் தயாராக வையுங்கள். ஒட்டியிருக்கும் மரத்தூளைத் துடைத்துவிட்டு, நாலு பக்கமும் இரண்டு முனையும் நனையும்படி மட்டைத் தூரிகையாலோ கைத்தெளிப்பானாலோ இரண்டு முறை பூச வேண்டும். முதல் பூச்சு உறிஞ்சியதும் இரண்டாவது. பலகை நிறைய இருந்தால் தரையில் நீளமாகப் பள்ளம் தோண்டி, ஓட்டையில்லாத பாலித்தீன் விரிப்பைப் போட்டுக் கரைசலை ஊற்றி, பலகை பலகையாகப் பத்து நிமிஷம் முக்கி எடுக்கலாம். ஆளுக்கு வேலையும் குறைவு, மருந்தும் சீராகப் பிடிக்கும்.

இதற்கு அடுத்த காரியத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். மருந்து பூசிய பலகையை உடனே வெயிலில் காய வைக்கக் கூடாது. ஈரம் போய்விட்டால் போரான் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். பலகைகளை இடைவெளி இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக நிழலில் அடுக்கி, மேலும் கீழும் பாலித்தீன் விரிப்பால் காற்றுப் புகாமல் மூடிக் கட்டிவிடுங்கள். 1 அங்குலப் பலகைக்கு 4 வாரம். 2 அங்குலத்துக்கு 8 வாரம் என்று நினைக்காதீர்கள். கனம் கூடக் கூடப் பரவும் நேரம் அதைவிட வேகமாகக் கூடும். 3 மாதமாவது விட வேண்டும். கனத்த உத்தரங்களுக்கு இந்த முறை வேண்டாம். அவற்றில் வைரக் கட்டையாகப் பார்த்துப் போடுவதே நல்லது. மூடி வைத்த அடுக்கில் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மேலோடுதான் இருக்கும், இழைத்தால் போய்விடும். கெடு முடிந்ததும் பிரித்து, இடையிடையே ஒரே கனமான குச்சிகள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்கிக் காயவிடுங்கள்.

இந்த மருந்தால் ஆகாத காரியங்களும் உண்டு. மழையில் நனையும் மரத்திலிருந்து போரான் கரைந்து வெளியேறிவிடும். வேலிக்கால், பந்தக்கால், மண்ணில் ஊன்றுகிற எதற்கும் இது ஆகாது. கூரைக்குள் இருக்கும் கட்டில், கதவு, அலமாரி, ஓட்டுக்கடியில் போகும் சட்டம், ரீப்பர் இவற்றுக்குத்தான். வெளி ஜன்னலுக்குப் போடுவதானால் மேலே பெயிண்ட் அடிக்க வேண்டும். ஏற்கெனவே காய்ந்து பொடி கொட்டுகிற பலகைக்குப் பூசினால் மேலோட்டமாகத்தான் பிடிக்கும். அதில் வெள்ளைப் பகுதியைச் சீவித் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துங்கள். நெல் போடும் பத்தாயம், மாட்டுத் தொட்டி, சப்பாத்திப் பலகை இவற்றுக்குச் செய்யும் மரத்தில் இந்த மருந்தைச் சேர்க்காதீர்கள்.

போரிக் பவுடர் மற்றப் பூச்சி மருந்துகளைப் போல மனுஷருக்குக் கொடிய விஷம் அல்ல. அதற்காக அலட்சியம் கூடாது. வயிற்றுக்குள் போனால், அதுவும் சிறு பிள்ளைகளுக்கு, ஆபத்துதான். பார்க்கச் சர்க்கரை மாதிரி இருப்பதால் பெயர் எழுதி ஒட்டி எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆடு மாடு நக்காமல் பள்ளத்தை மூடி வையுங்கள். கையில் ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

மிஞ்சின கரைசலைப் பயிருக்குச் சத்துதானே என்று தோட்டத்தில் ஊற்றிவிடாதீர்கள். நிலக்கடலைக்கு ஏக்கருக்குச் சிபாரிசு செய்வதே சுமார் 4 கிலோ வெங்காரம்தான். உங்கள் 10 லிட்டர் கரைசலில் கிட்டத்தட்ட 2 கிலோ வெங்காரத்தின் போரான் இருக்கிறது. அரை ஏக்கருக்கான சத்தை ஒரே எலுமிச்சையின் தூரில் கொட்டினால் இலை ஓரம் கருகி மரம் படுத்துவிடும். அவரைக் கொடியும் தாங்காது. மிச்சத்தைக் கேனில் ஊற்றி மூடி வைத்தால் அடுத்த பலகைக்கு ஆகும். படிந்திருந்தால் சூடாக்கிக் கலக்கினால் சரியாகிவிடும். தெளிப்பானை மூன்று தடவை கழுவாமல் வயலுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

மருந்து பலகையின் நடுவரைக்கும் போயிருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மர ஆலைகளில் பலகையைக் குறுக்கே அறுத்து, காய்ந்த வெட்டு முகத்தில் சாராயத்தில் ஊறிய மஞ்சள் சாற்றைத் தடவி, அதன்மேல் அமிலம் கலந்த இன்னொரு கரைசலைத் தெளிப்பார்கள். போரான் எட்டிய இடம் நல்ல சிவப்பாக மாறும், எட்டாத இடம் மஞ்சளாகவே நிற்கும். அமிலம் சம்பந்தப்பட்டதால் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து பெரிய அளவில் மருந்து பிடிப்பதாக இருந்தால், அடுக்கைப் பிரித்த அன்று ஒரு பலகையின் நடுவிலிருந்து ஒரு சாண் துண்டு அறுத்து, பக்கத்து மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆசிரியரிடம் கொடுத்துக் கேளுங்கள். நடுவில் இன்னும் மஞ்சளாக இருந்தால், பலகையில் ஈரம் இருக்கும்போதே மறுபடி மூடிக் கட்டி இரண்டு வாரம் விட்டு வையுங்கள்.