சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும்: கொள்கலத் தொகுதி ஆட்சியில் குறுங்கட்டளைகள்

நூலுக்குரிய பத்து அழகுகளை வகுக்கப் புகுந்த பவணந்தி முனிவர், நன்னூலில் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்தார். விளங்க வைத்தலை அதனை அடுத்து வைத்தார். பத்துக் குற்றங்களை எண்ணுமிடத்து முதலில் நிற்பது குன்றக் கூறல். சுருங்குதல் வேறு, குன்றுதல் வேறு என்பது இவ்வைப்பு முறையாற் புலப்படும். இலக்கணத்திற்குக் கூறப்பட்ட இவ்விதி, இன்று கணினித் தொகுதிகளை ஆளுவோர் இடும் கட்டளைகளுக்கும் முற்றப் பொருந்துவதாகும்.

கொட்டகலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், விடியற்காலைப் பெரட்டில் வழங்கும் மொழியிலும் இவ்வுண்மையைக் காணலாம். “எட்டாம் நம்பருக்கு” என்ற அளவிலே கொழுந்து பறிப்போர் கூடையோடு புறப்பட்டுவிடுவர். எந்தக் கணக்கின் எட்டாம் நம்பர் மலை என்று எவரும் வினவுவதில்லை. அவர்கள் நிற்கும் பெரட்டுக்களமே அதற்கு விடையாகின்றது. மேற்கணக்கிலும் கீழ்க்கணக்கிலும் எட்டாம் நம்பர் மலை உண்டாயின், அதே சொல்லைச் சீட்டில் எழுதி வேறிடத்துக்கு அனுப்பும்போது பொருள் மயங்கும். சுருக்கம் எப்போதும் இடத்தைத் துணைகொண்டே நிற்கின்றது.

இனி, கொள்கலத் தொகுதி என்பது யாதென நோக்குவோம். ஒரு செயலியையும் அது இயங்குதற்கு வேண்டிய துணைக்கூறுகளையும் ஒரே பொதியாகக் கட்டிவைப்பது கொள்கலம் எனப்படும். அத்தகைய கொள்கலங்கள் பலவற்றைப் பல கணினிகளில் பகிர்ந்து நிறுத்தி, ஒன்று வீழின் மற்றொன்றை எழுப்பி, ஓயாது காத்துநிற்கும் மென்பொருளே குபெர்னெட்டிஸ். கூகிள் நிறுவனம் இதனை 2014 இல் அறிவித்தது. முதலாம் பதிப்பு 2015 யூலையில் வெளிவந்தது. கப்பலைச் செலுத்தும் மீகாமனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இதன் பெயராயிற்று. முதலெழுத்துக்கும் ஈற்றெழுத்துக்கும் இடையிலுள்ள எட்டு எழுத்துக்களை எண்ணாற் குறித்து, ‘கே8எஸ்’ என்று அப்பெயரையே சுருக்கி வழங்குவர். இலங்கையரின் முயற்சியால் 2005 இல் தோன்றிய டபிள்யூஎஸ்ஓ2 போன்ற நிறுவனங்களின் மென்பொருள்களும் இன்று இத்தளத்தின்மீது இயங்குகின்றன. ஆதலின், இக்கலை மலையக மாணவர்க்கும் தொலைவிலுள்ளதன்று.

தோட்டம் கணக்குகளாகப் பிரிந்திருத்தல் போல, ஒரு தொகுதி ‘நேம்ஸ்பேஸ்’ எனப்படும் பெயர்வெளிகளாகப் பிரிந்திருக்கும். கொள்கலங்கள் ‘பாட்’ என்னும் சிறு கூறுகளுள் அடங்கும். பாட்டுகளைத் தாங்கும் கணினி ‘நோட்’ எனப்படும். ஒரே பெயருடைய பாட் இரு பெயர்வெளிகளில் தனித்தனியே இருத்தல் கூடும். இவற்றையெல்லாம் ஆளும் கருவி ‘கியூப்சிடிஎல்’. அதற்குரிய கட்டளைகள் உரோமன் எழுத்திற் பொறிக்கப்படுவன. ஈண்டு அவற்றின் ஒலிப்பே தரப்படுகின்றது.

எல்லாப் பெயர்வெளிகளிலுமுள்ள பாட்டுகளைக் காண விழைவோர் ‘கியூப்சிடிஎல் கெட் பாட்ஸ்’ என்று எழுதி, ‘ஆல் நேம்ஸ்பேசஸ்’ என்னும் அடைமொழியையும் சேர்த்தல் வேண்டும். இடைவெளியும் குறிகளும் உட்பட இது 33 தட்டுகள். கருவியின் பெயரைக் ‘கே’ என்னும் ஓரெழுத்தாகவும், பாட்ஸ் என்பதைப் ‘பி-ஓ’ எனவும், அடைமொழியைப் பெரிய ‘ஏ’ எழுத்தாகவும் குறுக்கினால் 11 தட்டுகள் போதும். மூன்றில் ஒரு பங்கே எஞ்சுகின்றது. நாளொன்றுக்குப் பன்முறை இக்கட்டளையை இடுவார்க்கு இது சிறு பயனன்று.

இச்சுருக்கங்கள் இருவகைப்படும். பி-ஓ முதலியன கருவியே வழங்கும் குறும்பெயர்கள். சர்வீசஸ் என்பதற்கு ‘எஸ்-வி-சி’, நேம்ஸ்பேசஸ் என்பதற்கு ‘என்-எஸ்’, நோட்ஸ் என்பதற்கு ‘என்-ஓ’ என அமையும். ‘ஏபிஐ ரிசோர்சஸ்’ என்னும் கட்டளை இவற்றின் முழு அட்டவணையையும் காட்டும். ‘கே’ என்பதோ பயன்படுத்துவோர் தாமே இட்டுக்கொள்ளும் ‘ஏலியாஸ்’ என்னும் மாற்றுப்பெயர். முன்னையது எங்கும் செல்லும். பின்னையது அவரவர் கணினிக்கே உரியது. எனவே, பிறர் படிக்கும் குறிப்புகளிலும் தானியங்கும் நிரல்களிலும் முழுப்பெயரையே எழுதுதல் முறையாகும். இவையன்றி, சில எழுத்துக்களை எழுதி ‘டேப்’ விசையை அழுத்தினால் எஞ்சியதைக் கணினியே நிரப்பும் வசதியும் உண்டு. இது தட்டுதலைச் சுருக்குமேயன்றிச் சொல்லைச் சுருக்குவதில்லை. ஆதலாற் பிழைக்கு இடம் குறைவு.

கட்டளைகளைக் குறுக்கும் வழக்கம் புதியதன்று. 1970 ஆம் ஆண்டையொட்டி யுனிக்ஸ் உருவானபோது, அக்காலத் தொலைத்தட்டச்சுப் பொறி நொடிக்குப் பத்து எழுத்துக்களையே அச்சிடும். அதனால் அதன் கட்டளைகள் ஈரெழுத்தளவிற் சுருங்கின. யுனிக்ஸை மீண்டும் ஆக்கின் எதனை மாற்றுவீர் என்று வினவியோர்க்கு அதன் ஆசிரியருள் ஒருவராகிய கென் தொம்சன், ‘கிரியேட்’ என்னும் சொல்லின் ஈற்றில் விடுபட்ட ‘ஈ’ எழுத்தைச் சேர்ப்பேன் என்று விடையிறுத்தார். அது நகைச்சுவையாயினும் படிப்பினை உடையது.

ஓரெழுத்துப் பிழை நகைப்பளவில் நில்லாது பெருங்கேடாதலும் உண்டு. 1887 இல் அமெரிக்கக் கம்பளி வணிகர் ஒருவர் தம் முகவருக்குக் குழூஉக்குறித் தந்தி ஒன்றை அனுப்பினார். அதில் ‘வாங்கியுள்ளேன்’ என்று பொருள்படும் ‘பே’ என்னும் குறிச்சொல், வழியில் ஓரெழுத்துத் திரிந்து ‘வாங்கு’ என்னும் பொருளுடைய ‘பை’ ஆயிற்று. முகவர் கம்பளியை வாங்கிக் குவித்தார்; வணிகர்க்கு 20,000 டொலருக்கு மேல் நட்டம். செய்தியைத் திருப்பிச் சொல்லச் செய்து ஒப்புநோக்கக் கட்டணம் செலுத்தாமையால், 1894 இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பும் அவருக்கு மாறாகவே முடிந்தது.

குபெர்னெட்டிஸிலும் இதற்கு நேரான இடம் உண்டு. ‘என்-ஓ’ என்பதற்கும் ‘என்-எஸ்’ என்பதற்கும் வேறுபாடு ஓரெழுத்தே. நோட் ஒன்றை நீக்கும் கட்டளை, தொகுதியின் ஏட்டிலிருந்து அக்கணினியின் பதிவை அகற்றும். கணினி அழியாது, பணிகளும் பெரும்பாலும் வேறு கணினிக்கு மாறும். பெயர்வெளியை நீக்கும் கட்டளையோ அதனுள்ளிருக்கும் அனைத்தையும் உடன் அழிக்கும்.

இதனினும் நுண்ணிய இடர் ஒன்றுண்டு. ஒவ்வொரு முறையும் பெயர்வெளியைக் குறிக்கும் தொல்லை நீங்க, அதனை ஒருமுறை அமைத்துவிடலாம்; அகமெத் பால்கன் ஆக்கிய ‘கியூப்சிடிஎக்ஸ்’, ‘கியூப்என்எஸ்’ என்னும் சிறு கருவிகள் இதனை எளிதாக்கும். ஆயின், அவ்வமைப்புக் கோப்பொன்றிற் பதிந்து மறுநாளும் நிலைத்திருக்கும். நேற்று மக்கள் பயன்படுத்தும் மெய்த்தொகுதியில் நின்றவர், இன்று சோதனைத் தொகுதியில் நிற்பதாகக் கருதி அழிப்புக் கட்டளை இடுதல் கூடும். கட்டளையில் எழுத்துப்பிழை இராது; இடப்பிழையே இருக்கும். பெரட்டுக்களம் மாறியதை அறியாது “எட்டாம் நம்பருக்கு” என்று கூறியதை அஃது ஒக்கும்.

இதற்கு மாற்று, சுருக்கத்தைக் கைவிடுதலன்று. மறைந்த இடத்தைக் கண்முன் நிறுத்துதலே. எந்தத் தொகுதியில், எந்தப் பெயர்வெளியில் நிற்கின்றோம் என்பதைக் ‘கியூப்-பிஎஸ்1’ என்னும் கருவி ஒவ்வொரு வரியின் தலைப்பிலும் காட்டும். ‘டிஃப்’ கட்டளை, நிகழவிருக்கும் மாற்றத்தை முன்னரே காட்டும். நீக்கும் கட்டளையோடு ‘இன்டராக்டிவ்’ என்னும் அடையைச் சேர்த்தால், கருவி ஒப்புதல் கேட்டே செயற்படும். 2025 இல் 1.33 ஆம் பதிப்பிற் பரிசோதனையாக வந்த ‘கியூப்ஆர்சி’ கோப்பில், அவ்வடையை இயல்பாகவே அமைத்துக்கொள்ளலாம். காணும் கட்டளைகளைக் குறுக்குக. அழிக்கும் கட்டளைகளை நீளவே விடுக என்பது இவற்றாற் பெறப்படும் நெறியாகும்.

1874 இல் இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில், உரிய ஒப்புதலுக்கு முன்னரே அனுப்பப்பட்ட தந்திக்கட்டளையால் ஒற்றைப் பாதையில் இரு புகைவண்டிகள் நேர்மோதின. அதன்பின் எட்வர்ட் டயர் என்பார் ‘டப்ளட்’ முறையை வகுத்தார். ஒரு பகுதிக்குரிய வட்டை ஓட்டுநர் கைப்பெற்றாலன்றி வண்டி அப்பகுதியுட் புகலாகாது என்பது அதன் விதி. மலையக இருப்புப்பாதையில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறையும் அதுவே. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கத்தின் இருளுட் புகும் ஓட்டுநர்க்கு, தாம் எப்பகுதிக்கு உரிமை பெற்றுள்ளார் என்பதில் ஐயமில்லை. கட்டளை இடுவோரும் தம் இடத்தை அவ்வாறு உறுதிசெய்துகொண்டு சுருங்கச் சொல்வாராயின், அச்சுருக்கம் குன்றக் கூறலாகாது; விளங்க வைத்தலோடு கூடிய அழகே ஆகும்.