வானத்தில் இரண்டு மணி, தரையில் ஏழு மணி

குர்லா டெர்மினஸுக்கு லோகமான்ய திலக் என்று பெயர் சூட்டிப் பல ஆண்டுகளாகியும், அங்கிருந்து கோவைக்குப் போகும் ரயில் சேலத்துக்காரர்களுக்கும் கோவைக்காரர்களுக்கும் இன்னமும் 'குர்லா எக்ஸ்பிரஸ்'தான். பயணம் முப்பது மணி நேரத்துக்கு மேல். ஸ்டேஷனுக்குச் சற்று வடக்கே, குர்லா மேற்கு, காட்கோபர் கூரைகளை உரசுவதுபோல் விமானங்கள் இறங்குகின்றன. அவற்றுக்குக் கோவை இரண்டு மணி நேரத் தொலைவு.

மும்பையிலிருந்து கோவைக்கு வான்வழித் தூரம் சுமார் 1,000 கி.மீ. சென்னைக்கு 1,030, மதுரைக்கு 1,170. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் ஒன்றேகால் மணியில் சென்னையைத் தொட வேண்டும். டிக்கெட்டில் இருப்பதோ ஏறக்குறைய இரண்டு மணி. காரணம், கணக்கு ஓடுபாதையில் தொடங்குவதில்லை. நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுபுறம் போய் நிற்பது வரை எல்லாம் அதில் அடக்கம். மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. பாதையும் நேர்கோடல்ல.

மும்பையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாந்தாகுரூஸ் விமான நிலையத்தின் இரு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால், ஒரே நேரத்தில் இரண்டையும் பயன்படுத்த முடியாது. இந்த நெருக்கடியிலும் 2018 டிசம்பரில் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்து போயின. வானில் வட்டமடித்துக் காத்திருப்பது பயணிகளுக்குப் பழகிப்போன விஷயம்.

1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா ஜுஹுவுக்கு ஓட்டி வந்த தபால், நெவில் வின்சென்ட்டின் கையில் பெல்லாரி வழியாகச் சென்னை போனது. அன்று அது தபாலின் அவசரம்.

இன்று குர்லாவிலும் தாராவியிலும் அவசரம் என்றால் பெரும்பாலும் சாவுச் செய்தி. தாராவித் தமிழர்களில் கணிசமானோர் நெல்லைச் சீமைக்காரர்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் திருநெல்வேலி போய்ச் சேர ஒன்றரை நாள். அதுவரை ஊரில் உடலை வைத்திருக்க மாட்டார்கள். விமானம்தான் ஒரே வழி.

ஆனால் அந்தக் கணக்கையும் முழுதாகப் போட வேண்டும். விமான நிலையம் நாலைந்து கி.மீ.தான் என்றாலும் அந்தேரி-குர்லா சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் கரையும். உள்நாட்டு விமானத்துக்கு இரண்டு மணி முன்னதாக வரச் சொல்கிறார்கள். ஒரு மணிக்கு முன்பே கவுன்டர் மூடிவிடும். பறப்பது இரண்டு மணி. பெட்டி வந்து வெளியேற அரை மணி. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் ஏறக்குறைய மூன்று மணி. கூட்டினால் ஒன்பது மணியை நெருங்கும். இதுவும் மதுரைக்கு உடனே விமானமும் இடமும் கிடைத்தால்தான். சென்னை வழியாகச் சுற்றினால் இன்னும் கூடும்.

2025 அக்டோபரில் திறக்கப்பட்ட நவி மும்பை விமான நிலையம் வானத்து நெரிசலைக் குறைக்கலாம். ஆனால் குர்லாக்காரருக்கு அது இன்னும் தூரம். நடுராத்திரியில் தொலைபேசி ஒலிக்கும் வீட்டில் முதல் கேள்வி டிக்கெட் விலையல்ல: "நாங்க வர்ற வரைக்கும் எடுக்காம வச்சிருப்பீங்களா?"